சர்வர் அறைக்கு ஆள் எடுக்கும் முறை: கருத்தரங்கத் தலைமை உரை



புதுச்சேரியின் கிராமப்புறத்தில் உயர்கல்வி பற்றிப் பேச வருபவர்கள் பாகூர்ச் செப்பேட்டைத் தொடாமல் போக முடியாது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. வடமொழியிலும் தமிழிலும் அந்தக் கொடையைச் செம்பில் வெட்டி வைத்தார்கள். கல்விக்கூடத்தில் இருப்பவர்களின் பிழைப்பு உறுதியானால்தான் கல்வி நிலைக்கும் என்ற தெளிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. இன்று அதே பாகூர் கொம்யூனிலும் அதன் சுற்றுப்புறத்திலும், கல்லூரியின் மொத்த இயக்கத்தையும் தோளில் தாங்கும் ஒரு வகைப் பணியாளரின் பிழைப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் இந்தக் கருத்தரங்கின் கேள்வி.

கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. விழுப்புரம் சாலையில் அரியூரில் இன்னொன்று. வில்லியனூரில் பெண்கள் கல்லூரி. மாணவர் சேர்க்கை புதுச்சேரியின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் இணையதளம் வழியே நடக்கிறது. மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கருக்குப் போகிறது. 2021இல் வந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் மாணவரின் ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கு வைக்கிறது. கட்டணம், வருகைப்பதிவு, தேர்வு, நூலகம், மருத்துவமனை என்றால் நோயாளியின் சீட்டு, எல்லாமே கணினியில்தான். இவ்வளவும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்பவர் பல கல்லூரிகளில் ஒரே ஓர் ஆள். பதவிப் பெயர் லேப் அசிஸ்டென்ட் என்றிருக்கும். சம்பளம் தொகுப்பூதியமாக இருக்கும். வேலைக்கு எடுத்தவர் முதல்வராக இல்லாமல் ஒரு கான்ட்ராக்டராக இருப்பார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் நீர் புகுந்தது. வில்லியனூர் ஓரமாகச் சங்கராபரணி கரைபுரண்டது. இப்படிப்பட்ட வாரத்தில் யு.பி.எஸ். எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த சர்வரை முதலில் அணைக்க வேண்டும், மாணவர் பதிவேட்டின் பேக்கப் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சைக்கிளில் வந்துசேரும் தூரத்தில் குடியிருக்கவும் வேண்டும். எந்த நியமன விளம்பரமும் இதைக் கேட்பதில்லை.

விளம்பரங்கள் கேட்பதெல்லாம் வேறு. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் மத்திய அரசின் விதிகளிலிருந்து தொடங்குவோம். மத்திய அரசு அலுவலகங்களில் கணினிப் பணியிடங்களுக்கு இன்றுள்ள பெயர்களும் படிநிலையும் பெரும்பாலும் 1989 செப்டம்பர் 11 அன்று நிதி அமைச்சகம் வெளியிட்ட ஆணையிலிருந்து வந்தவை. தேசிய தகவலியல் மையத்தை உருவாக்கிய என். சேஷகிரி தலைமையிலான குழுவின் பரிந்துரைதான் அதற்கு அடிப்படை. டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், டேட்டா பிராசஸிங் அசிஸ்டென்ட், புரோகிராமர் என்ற வரிசை அப்போது நல்ல சிந்தனை. பெரும்பாலான அலுவலகக் கணினிகள் வெளியுலகத்தோடு இணைப்பில்லாமல் இருந்த காலம் அது. தகவலை உள்ளே ஏற்றுவதே பெரிய வேலையாக இருந்தது. ஆனால் மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. எனும் பணியாளர் தேர்வாணையத்தின் டேட்டா என்ட்ரி பணிக்கு இன்றும் திறன் தேர்வு என்பது மணிக்கு எத்தனை விசை அழுத்தங்கள் என்ற கணக்குதான். விரல் வேகத்தை அளக்கிறோம். நெட்வொர்க் விழுந்தால் எழுப்பத் தெரியுமா என்பதை அளப்பதில்லை.

இன்னொரு விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அதில் இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் சி பிரிவு, அரசிதழ் பதிவு பெறாத பி பிரிவுப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வு ரத்தானது. சிபாரிசுக்கும் கையூட்டுக்கும் இடம் கொடுத்த வாசல் அடைபட்டது. அந்த முடிவு சரியானது. திறன் தேர்வு மட்டும் தொடரலாம் என்று விட்டுவைத்தார்கள். ஆனால் அதில் தேறினால் போதும், அதன் மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் வரிசையைத் தீர்மானிக்கும். குமாஸ்தா வேலைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. சர்வர் அறை வேலைக்கு நட்டம் அதிகம். வினா வங்கியை மனப்பாடம் செய்தவர் முதலிடத்தில் நிற்பார். மூன்று ஆண்டு ஒரு கல்லூரியின் இணைப்புகளைக் கட்டி நிறுத்தியவர் அவருக்குப் பின்னால் நிற்பார்.

பட்டம் பற்றியும் ஒரு முரண் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' நெறிமுறைகளை வெளியிட்டது. 15 ஆண்டு அனுபவம் கொண்ட வல்லுநர் ஒருவர் முனைவர் பட்டமோ நெட் தேர்ச்சியோ இல்லாமல் வகுப்பறைக்கு வந்து கற்பிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை இப்படி நிரப்பலாம். பேராசிரியர் நாற்காலிக்கே கைத்திறனைத் தகுதியாக ஏற்றுக்கொண்ட அமைப்பு, அந்த வகுப்பறைக்கு வைஃபை கொடுப்பவரிடம் மட்டும் முதலில் பட்டச் சான்றிதழைக் கேட்பது நியாயமில்லை.

இனி ஒப்பந்த முறை. கல்லூரி நிர்வாகங்கள் ஏன் அவுட்சோர்சிங் பக்கம் போயின என்பது புரியாததல்ல. பணியிடம் உருவாக்க ஒப்புதல் கிடைக்க ஆண்டுக்கணக்காகும். அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் மனிதவளத்தை டெண்டரில் எடுப்பது எளிது. 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறைப்படி தேர்வாகாதவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. நிர்வாகங்கள் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் வேறொரு பக்கத்தைக் காட்டியது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலைகளில் நீண்ட காலம் உழைத்தவர்களின் வழக்கு அது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகப் பெயரில் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, உமாதேவி தீர்ப்பைச் சொல்லி அவர்களை வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. சர்வரைப் பராமரிப்பதை விட நிரந்தரத் தன்மையுள்ள வேலை ஒரு கல்லூரியில் எது?

பாதுகாப்புக் கணக்கும் இதில் கலந்திருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கியது. நாட்டின் முதல்தர மருத்துவமனை நாள்கணக்கில் காகிதச் சீட்டில் நோயாளிகளைப் பதிந்தது. பாகூர் கொம்யூனில் மருத்துவக் கல்லூரிகளும் அவற்றோடு ஒட்டிய பெரிய மருத்துவமனைகளும் இருப்பதால், இந்தச் செய்தி இங்குள்ளவர்களுக்குத் தொலைவில் நடந்த கதையல்ல. அதே ஆண்டு ஏப்ரல் 28இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாள் காக்க வேண்டும். டெண்டர் கைமாறும்போது பணியாளரும் மாறினால், பாஸ்வேர்டுகள் யாரிடம் போகின்றன? ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவைப் பற்றி யார் பதில் சொல்வார்?

வழி இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷாபிரோ, பதவியேற்ற மறுநாளே, மாநில அரசின் 92 விழுக்காடு பணிகளுக்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை என்று ஆணையிட்டார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2005இல் தொடங்கிய பள்ளி, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. தென்காசியிலும் அது நடக்கிறது. தனியார் நிறுவனத்தின் வசதி அரசுக் கல்லூரிக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் இருக்கிறது. சென்னையில் இயங்கும் தென்மண்டலத் தொழில்பழகுநர் பயிற்சி வாரியத்தின் எல்லைக்குள் புதுச்சேரியும் வருகிறது. பாலிடெக்னிக் முடித்த திருபுவனைப் பையனையும் கரையாம்புத்தூர்ப் பெண்ணையும் ஓராண்டு தொழில்பழகுநராக வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் தடையில்லை. பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் அந்தப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே கௌரவமான ஒரு வேலை காட்டுவது இந்தக் கருத்தரங்கின் அக்கறைகளில் முதலாவதாக இருக்க வேண்டும்.

தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்பதில் இந்தத் தலைமை உரையின் நிலைப்பாடு இது. எழுத்துத் தேர்வு இருக்கட்டும். அதோடு மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வும் வேண்டும், அதன் மதிப்பெண் தரவரிசைக்குச் சேர வேண்டும். வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஒரு நெட்வொர்க்கைச் சரிசெய்யச் சொல்லலாம். அழிந்த கோப்பைப் பேக்கப்பிலிருந்து மீட்கச் சொல்லலாம். செய்ததைக் கணினி தெரியாத தமிழாசிரியர் ஒருவருக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். பெயர் மறைத்து, வேறு நிறுவனத்துப் பேராசிரியர்கள் திருத்தினால், நேர்முகத் தேர்வில் நுழைந்த சிபாரிசு இதில் நுழையாது. தேர்வானவருக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடமும், லேப் அசிஸ்டென்ட் பெயரிலேயே ஓய்வு பெறாமல் மேலேறிப் போக ஒரு படிநிலையும் தர வேண்டும். அது இல்லையென்றால் நன்றாகத் தேர்ந்தெடுத்ததும் வீண்தான். வேலை கற்றுக்கொண்ட மறு ஆண்டே அவர் போய்விடுவார்.

புதுச்சேரிக்கெனத் தனி அரசுப் பணியாளர் தேர்வாணையம் இல்லை. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர்களை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கிறது. ஆனால் கீழ்நிலைத் தொழில்நுட்பப் பணியிடங்களின் நியமன விதிகளைத் திருத்தும் முயற்சி இங்கிருந்தே தொடங்க முடியும். ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அமர்வுகள் முடியும்போது, திருத்திய நியமன விதிகளின் வரைவு ஒன்று கையில் இருக்கட்டும். அடுத்த விளம்பரம் வெளியாவதற்கு முன்னால் அது உயர் மற்றும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போய்ச்சேர வேண்டும்.