அருட்கொடையும் அமானிதமும்

    

வாழ்வின் அருட்கொடைகளை ஒரு முஸ்லிம் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு எனக்குக் கட்டளை இட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை, அச்சமே தோன்றியது. அருட்கொடையைப் போற்றியவர்தாம் அதனைப் பற்றிப் பேசும் தகுதியுடையவர். கைக்கு எட்டிய ஒரு பெருங்கொடையைத் தவறவிட்டவள் நான். அந்தத் தவற்றையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ளலாம் என்னும் துணிவில்தான் உங்கள்முன் நிற்கிறேன்.

அருட்கொடை என்பதற்கு அரபு மொழியில் வழங்கும் சொல் ‘நிஃமத்’. மென்மை, இதம், வளமை என்னும் பொருள்களைத் தன்னகத்தே கொண்ட வேரிலிருந்து கிளைத்த சொல் அது. இறைவனின் அருட்கொடைகளை எண்ணப் புகுந்தால் எண்ணி முடியாது என்று திருக்குர்ஆன் ஓரிடத்திற்கு இரண்டிடங்களில் உணர்த்துகிறது. ‘அர்ரஹ்மான்’ என்னும் 55ஆம் அத்தியாயம் 78 வசனங்களை உடையது. அவற்றுள் 31 வசனங்கள் ஒரே வினாவாக அமைந்து, இறைவனின் அருட்கொடைகளில் எதனை மறுக்கப்போகிறீர்கள் என்று நம்மை மீண்டும் மீண்டும் கேட்கின்றன. கொடையை நினைவூட்டும் மறை அத்துடன் நின்றுவிடவில்லை. ‘அத்தகாஸுர்’ என்னும் 102ஆம் அத்தியாயத்தின் இறுதியில், பெற்ற இன்பங்களைப் பற்றி மறுமையில் கட்டாயம் கேட்கப்படுவீர்கள் என்றும் எச்சரிக்கிறது.

கணக்குக் கேட்கப்படும் பொருள் நமக்கே உரிமையான பொருளாக இருக்க முடியாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். நம் இல்லங்களில் அதனை ‘அமானிதம்’ என்போம். அண்டை வீட்டார் பயணம் போகையில் நம்மிடம் தந்துவிட்டுப் போகும் நகையைப் பூட்டி வைத்தாலே போதும். இறைவன் தரும் அமானிதமோ பூட்டி வைத்தால் கெட்டுப்போவது, பயன்படுத்தினால்தான் காப்பாற்றப்படுவது.

நன்றி என்பது நாவினால் சொல்வது மட்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் நன்றியை அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் என மூன்றாகப் பகுத்து விளக்குகிறார். கொடுத்தவன் இறைவன் என்று அறிவது அறிவு. அதனால் மகிழ்ந்து பணிவது உள்ளத்தின் நிலை. எந்த நோக்கத்திற்காக ஒன்று படைக்கப்பட்டதோ அந்த நோக்கத்திற்கே அதனைப் பயன்படுத்துவது செயல். கண்ணைப் பெற்றவன் நல்லவற்றைக் காண்பதே கண்ணுக்குச் செலுத்தும் நன்றி.

நன்றியைக் குறிக்கும் ‘ஷுக்ரு’ என்னும் சொல்லின் வழக்கிலும் ஒரு நயம் உண்டு. குறைந்த தீவனத்தைத் தின்றும் உடல் செழித்து விளங்கும் விலங்கைப் பழைய அரபியர் ‘ஷகூர்’ என்றனர். உண்டது சிறிதாயினும் அதன் பயனை உடம்பிலே காட்டுகிறது அந்த வாயில்லா உயிர். பெற்றதைப் பன்மடங்காகப் புலப்படுத்துவதே நன்றி என்பதைப் பாலைவன மேய்ப்பனின் சொல் நமக்குக் கற்பிக்கிறது. ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழிக்கு உரியவர்களாகிய நமக்கு இந்தக் கருத்து அயலானதன்று.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இரு நபிமொழிகள் இங்கு நினைக்கத் தக்கவை. மனிதருள் மிகப் பலர் ஏமாந்து இழப்படைவது உடல்நலம், ஓய்வு என்னும் இரண்டு அருட்கொடைகளில்தான் என்பது ஒன்று. முதுமைக்கு முன் இளமையையும், நோய்க்கு முன் நலத்தையும், வறுமைக்கு முன் செல்வத்தையும், வேலை நெருக்கடிக்கு முன் ஓய்வையும், மரணத்திற்கு முன் வாழ்வையும் பயன்படுத்திக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது மற்றொன்று. இந்த ஐந்தும் தொலையும்வரை அவற்றின் விலை நமக்குத் தெரிவதில்லை.

இவற்றுக்கு எடுத்துக்காட்டுகளைத் தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நம் தமிழிலேயே உண்டு.

செல்வத்தைப் பயன்கொண்டவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. கடல் வணிகத்தில் ஈட்டிய பொருளை அவர் புலவர்களுக்கும் வறியவர்களுக்கும் வாரி வழங்கினார். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஊக்கமும் உதவியும் தந்தவர் அவரே. காப்பியம் முற்றுப்பெறும் முன்னரே வள்ளல் மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். மூன்று காண்டங்களில் 5027 பாடல்களாக அக்காப்பியம் நமக்குக் கிடைத்தது. இறந்த பின்னும் கொடுத்தவர் என்று சீதக்காதியைத் தமிழகம் போற்றுகிறது. கல்லறையிலிருந்து கை நீண்டு மோதிரம் தந்த கதையைச் சொல்லி மக்கள் வியப்பர். அக்கதையைவிடப் பெரிய வியப்பு, அவர் தொடங்கிவைத்த நூலை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் படித்துக்கொண்டிருப்பது. மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் அறுந்துபோகும். நிலைத்த தருமம், பயன் தரும் கல்வி, தனக்காக இறைஞ்சும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் தொடரும் என்னும் நபிமொழிக்கு இதனினும் நல்ல உரை ஏது?

அறிவாற்றலைப் பயன்கொண்டவர் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களில் ஒருங்கே கவனம் செலுத்தி விடையிறுத்துச் சதாவதானி என்று புகழ் பெற்றவர். அத்தகைய நினைவாற்றலைக் காட்சிப் பொருளாக்கியே வாழ்ந்துவிடலாம். அவரோ சீறாப்புராணத்திற்கு உரை கண்டார். அவையை வியக்க வைத்த அறிவு, கற்போர்க்கு விளக்காகவும் நின்றது.

அதிகாரமும் ஓர் அருட்கொடையே. வண்ணக்களஞ்சியப் புலவர் தம் ‘இராஜநாயகம்’ என்னும் காப்பியத்திற்குத் தலைவராகக் கொண்டவர் நபி சுலைமான் (அலை) அவர்கள். அவர்தம் படை வருவதைக் கண்ட எறும்பு ஒன்று, அறியாமல் மிதித்துவிடுவார்கள், வளைக்குள் புகுந்துகொள்ளுங்கள் என்று தன் இனத்தை எச்சரித்த செய்தியைத் திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் கூறுகிறது. அதனைக் கேட்ட மாமன்னர் புன்னகை புரிந்தார். உடனே, நன்றி செலுத்தவும் நற்செயல் புரியவும் தமக்கு அருளுமாறு இறைவனிடம் வேண்டினார். எறும்பின் குரலைக் கேட்கும் செவி வாய்த்ததற்குச் செலுத்தும் நன்றி, எறும்பை மிதிக்காமல் செல்வதுதானே! உயர்ந்த இடத்தில் இருப்போர் தாழ்ந்த குரலைக் கேட்பது அதிகாரத்தின் ஷுக்ரு.

வாய்ப்பு மிகச் சிறிதாக இருந்தால் என்ன செய்வது? இந்த வினாவுக்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அவர்களின் வாழ்வே விடை. பள்ளியில் அவர் படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். இளமையிலேயே கணவரை இழந்தார். அந்த மூன்றாண்டுக் கல்வியைக் கொண்டு வீட்டிலிருந்தே கற்றார், எழுதினார். 1938இல் அவருடைய ‘காதலா கடமையா’ என்னும் நாவல் டாக்டர் உ.வே.சாமிநாதையரின் மதிப்புரையுடன் வெளிவந்தது. குறைந்த தீவனத்தில் செழித்த உயிரைப் பற்றிச் சற்று முன் கூறினேன். முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்ற என்போன்றோர் அந்த அம்மையாரின் மூன்றாம் வகுப்பின்முன் தலை தாழ்த்த வேண்டியவர்களாகவே இருக்கிறோம்.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

என் உம்மாவைப் பெற்ற உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. அரபுத்தமிழ் படிப்பார். மஃரிபு தொழுகைக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து மசலாக்களையும் முனாஜாத்துகளையும் மனத்திலிருந்தே சொல்வார். எங்கள் தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் தாலாட்டுப் பாட அவரைத்தான் அழைப்பார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் குடும்பப் பெயர்களை இணைத்து அவ்விடத்திலேயே அடிகள் கட்டுவார். அவரைக் கவிஞர் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் எண்ணியதில்லை.

நான் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலம் அது. நூலகம் நூலகமாக அலைந்தேன். சிதைந்த ஏடுகளைப் படியெடுத்தேன். பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து ஊர் ஊராகச் சென்று முதியவர்களைச் சந்தித்தேன். என்னிடம் ஒரு சிறிய ஒலிநாடாக் கருவியும் இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் உம்மும்மா, “புள்ள, நான் பாடுறதையும் அந்தப் பெட்டியில புடிச்சு வையேன்” என்பார். “ஆய்வேட்டை முடிச்சுட்டு வர்றேன் உம்மும்மா, ஓய்வா உட்கார்ந்து பதியலாம்” என்பேன். ஆய்வேட்டை முடித்தேன். பின்பு பணி வந்தது, திருமணம் வந்தது, குழந்தைகள் வந்தார்கள். ஒரு கோடை விடுமுறையில் எனக்கு ஓய்வு கிடைத்தது. கருவியுடன் போய்ச் சேர்ந்தபோது உம்மும்மாவைப் பக்கவாதம் வீழ்த்தியிருந்தது. என்னை அறிந்துகொண்டார். கருவியையும் கண்டார். உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

அவருடைய தாலாட்டில் எனக்கு நினைவில் இருப்பவை சில அடிகளே. அவையும் முழுமையானவை அல்ல. முன்னூறு பக்க ஆய்வேட்டில் பிறர் பாட்டிமாரின் பாடல்களுக்கு இடம் இருக்கிறது. என் வீட்டுத் திண்ணையில் இருந்த கவிஞருக்கு இடம் இல்லை. நலம் அவரிடம் இருந்தபோது ஓய்வை நான் தள்ளிப்போட்டேன். எனக்கு ஓய்வு வாய்த்தபோது அவரிடம் நலம் இல்லை. ஒருவரின் அருட்கொடை மற்றொருவரின் அருட்கொடையோடு சேர்ந்துதான் பயன் தருகிறது என்பதை நான் அன்று உணர்ந்தேன். ஐந்திற்கு முன் ஐந்து என்னும் நபிமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது உம்மும்மாவின் கட்டிலருகில்தான்.

இழந்ததை எண்ணிக் கண்ணீர் விடுவது மட்டும் மார்க்கம் காட்டும் வழியன்று. கையில் மரக்கன்று இருக்கும்போது உலக முடிவே நெருங்கினாலும் முடிந்தால் அதனை நட்டுவிடுங்கள் என்பது பெருமானாரின் போதனை. நட வேண்டிய கன்றுகள் நம் கைகளில் இன்னும் இருக்கின்றன. நம் வீடுகளின் பரண்களில் அரபுத்தமிழ்ச் சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் கறையானுக்குக் காத்திருக்கின்றன. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா போன்ற ஞானக் கவிதாயினியர் பாடிய மண் இது. இன்னும் பெயர் வெளித் தெரியாத எத்தனையோ உம்மாமார்களின் நாவில் பாடல்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்று ஒலிநாடாவும் தேவையில்லை. ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே போதும். கருவி கைக்கு எளிதாகிவிட்டது; அமர்ந்து கேட்கும் பொறுமைதான் அரிதாகிவிட்டது.

பொருளுக்கு நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் என்று நாம் அறிவோம். காலத்திற்கும் அவ்வாறு ஒரு கணக்கை என் மனம் போட்டுப் பார்த்தது. இது மார்க்கச் சட்டமன்று. ஓர் ஆசிரியையின் ஆசைக் கணக்கு. ஒரு நாளில் 1440 நிமிடங்கள். அதில் நாற்பதில் ஒரு பங்கு 36 நிமிடங்கள். நாள்தோறும் அந்த 36 நிமிடங்களை ஒரு முதியவரின் அருகில் அமரவோ, ஒரு பழஞ்சுவடியைப் படியெடுக்கவோ, எழுதத் துடிக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் கவிதையைத் திருத்தித் தரவோ ஒதுக்க முடியாதா?

பத்து ஆண்டுகளாக இந்த வட்டம் மாதந்தோறும் கூடிக் கவி பாடியிருக்கிறது. அவையும் அன்பும் ஆற்றலும் ஓய்வும் ஒருசேர வாய்த்திருப்பது எளிய கொடையன்று. ஆகவே ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவிற்குள் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவரின் பாடலையோ கதையையோ பதிந்தும் எழுதியும் கொண்டுவர வேண்டும். அவற்றைத் தொகுத்து ஒரு நூலாக்குவோம். அந்நூலில் என் பங்காக, நினைவில் எஞ்சிய உம்மும்மாவின் குறையடிகளைக் குறையாகவே தருவேன். மறந்த இடங்களில் என் சொற்களை இட்டு நிரப்ப மாட்டேன். அந்த வெற்றிடங்களைக் காணும் இளையவர் ஒருவர் அன்று மாலையே தம் பாட்டியிடம் போய் அமர்ந்தால், என் தவற்றுக்கும் ஒரு பயன் விளைந்ததாகும்.

பெற்றவற்றை உணரும் அறிவையும், உணர்ந்தவற்றுக்கு நன்றி செலுத்தும் உள்ளத்தையும், அந்த நன்றியைச் செயலில் காட்டும் ஆற்றலையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.