பிச்சாவரத்து உப்பு

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இன்றும் வளர்வது, ஊருக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில். ஆங்கிலேயர் காலந்தொட்டு இக்காட்டைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டினர். நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலிற் காய்ந்து, தொட்டிபோற் குழிந்தது. உட்புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கிற்று. நீர் ஆவியாயிற்று, உப்போ அங்கேயே தங்கிற்று. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. பாதி நீர் வற்றினால் எஞ்சியதில் 70 கிராம்! உவர்நில மரமேயாயினும் எவ்வாறு தாங்கும்?

1990களில் வனத்துறையினரும் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். மருந்தொன்றும் இடவில்லை. நாளுக்கு இருமுறை கடல் ஓதம் ஏறியிறங்கி, மிகையுப்பைக் கழுவிச் சென்றது. நட்ட வெண்கண்டற் கன்றுகள் வேர்கொண்டன. ஆயினும் வாய்க்காலில் வண்டல் படியும். தூர் வாராது விட்டால், பழைய தொட்டிதான்.