பங்கிடப் பிறந்த எண்



பொருநை கடலை நெருங்கும் இந்த ஆத்தூரில், பத்தாம் ஆண்டு விழாவின் கவிதை அரங்குகளுக்கு நடுவே, ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த எண் 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியைத் தாண்டி நிற்பது.

பருமன் அன்று அதன் சிறப்பு. நமது முத்துக்குளித்துறையில் கரைசேர்ந்த சிப்பிகளைக் குவியல்களாக்கி, அரசுக்கும் குளித்தவர்க்கும் பங்கு பிரித்தார்கள். பங்கிடுவோர்க்கு, மீதியின்றிப் பிரியுமா என்பதே கேள்வி. பத்துக்கு நான்கு காரணிகள். அதனினும் சிறிய ஆறுக்கே நான்கு உண்டு. பன்னிரண்டுக்கோ ஆறு காரணிகள். அதற்குக் கீழ் எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. நாளொன்றின் நாழிகைக் கணக்கான அறுபதும் இவ்வினத்ததே. தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் விஞ்சும் எண்ணை உயர் பகு எண் என்போம்.

சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் இவ்வெண்களைப் பற்றி நெடிய ஆய்வுரை வரைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கையாற் கணித்து அட்டவணையிட்டார். அதன் இறுதி எண்ணே நான் முதலிற் சொன்னது. அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் 10080. அத்தனை காரணிகள் அதற்கு!

ஆயினும் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அது. 5040 காரணிகள் உடையது. இதனால் இராமானுஜன் சிறுத்துவிடவில்லை. அட்டவணையை வரிவரியாகப் படித்தவர்க்கே அந்த இடைவெளி புலப்பட்டது. கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத பகுதியும், அவ்வாறு படித்தவர்களின் குறிப்புரையோடு 1997இல் வெளிவந்தது. கனவில் தெய்வம் உரைத்தது என்று வியந்து நின்றவர்க்கு இவ்விரண்டும் எட்டியிரா.

தமிழுக்கு இது புதிதன்று. இராமானுஜன் பிறந்த 1887ஆம் ஆண்டிலேதான் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பின்னர் இராமானுஜன் சேர்ந்த கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அப்போது அவர் தமிழாசிரியர். ஏடுகளை ஒப்பிட்டு, சிதைந்ததையும் விடுபட்டதையும் தேடியதே அவர் காப்பியத்திற்குச் செய்த வழிபாடு.

அன்பர்களே, மேடைதோறும் இராமானுஜனைப் புகழ்கிறோம். அவர் எழுதியதில் ஒரு வரியையேனும் கணக்கிட்டுப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? கவிதையையும் இப்படித்தான் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். பதினோராம் ஆண்டில் நம் வட்டம் ஒருவர் கவிதையை மற்றவர் சொற்சொல்லாகச் சரிபார்க்கும் வட்டமாகட்டும். இன்றிரவு வீடு சென்றதும், பன்னிரண்டை அடுத்த உயர் பகு எண் எதுவென்று ஒரு தாளில் தேடிப் பாருங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை.