கையொப்பம் இடுமுன் கையாண்டு பாருங்கள்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்தப் பள்ளியில் படித்த நான் இன்று ஜொகூர் பாருவில் கணினி நிரல் எழுதும் வேலை செய்கிறேன். "கணினியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க" என்றார் தலைமையாசிரியர். எழுதி முடித்த நிரலை ஏற்றுக்கொள்ளும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களே ஒருமுறை கையாண்டு பார்க்க வேண்டும். இதற்குப் பயனர் ஏற்புச் சோதனை என்று பெயர். இதைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

பெயர்தான் புதிது, காரியம் உங்களுக்குப் பழகியது. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது என் அம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். "கிராணி எழுதுறது அப்புறம். முள்ளு எங்க நிக்குதுன்னு முதல்ல பாரு" என்பார். அதுதான் ஏற்புச் சோதனை!

நிரல் எழுதியவனே சோதித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. என் கதையையே சொல்கிறேன். நான் முதன்முதலில் எழுதிய ஒரு படிவத்தில், பெயருக்குரிய கட்டத்தில் எழுத்துகளை மட்டுமே அடிக்கலாம் என்று விதி வைத்தேன். பலமுறை சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஏற்புச் சோதனை நாளன்று நம் இனத்துப் பெண் ஒருவர் தம் பெயரை அடித்தார். 'தவறான பெயர்' என்றது கணினி. "அண்ணே, என் பேரே தப்பாம்!" என்று சிரித்தார். அவர் பெயரில் 'ஏ/பி' இருந்தது. அந்தச் சாய்கோட்டை என் நிரல் ஏற்கவில்லை. என் பெயரிலும் 'ஏ/எல்' உண்டு. ஆனாலும் எனக்குத் தோன்றவில்லையே! அன்று வெட்கப்பட்டேன், பாடமும் கற்றேன்.

கைரேகையும் அப்படித்தான். 2001-இல் மைகாட் வந்தபின் பல முகப்புகளில் பெருவிரலை வைக்கச் சொல்கிறார்கள். காலமெல்லாம் பால்வெட்டுக் கத்தி பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் மறுத்தால் நம் பெரியவர்கள் "என் கைதான் சரியில்ல" என்று தலைகுனிகிறார்கள். இல்லை ஐயா! உங்கள் கையை வைத்துச் சோதித்துப் பார்க்காதவன் வேலைதான் சரியில்லை.

2024 ஜனவரி 2-ஆம் நாள் நம் நாட்டில் 'பாடு' என்னும் தரவுத் தளம் தொடங்கப்பட்டது. அரசு உதவி யாருக்குச் சேர வேண்டும் என்று அறிவதற்காக ஏற்பட்டது அது. ஓரிரு நாள்களிலேயே, ஒருவரின் அடையாள அட்டை எண்ணை வைத்து மற்றவர் அவருடைய கடவுச்சொல்லை மாற்றிவிட முடிகிறது என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். குறை உடனே திருத்தப்பட்டது; நல்லதுதான். ஆனால் கதவைத் திறந்துவிட்டபின் தாழ்ப்பாளைச் சோதிப்பதைவிட, முன்பே சோதிப்பதல்லவா முறை?

இதைவிடக் கொடுமை பிரிட்டனில் நடந்தது. அங்கே அஞ்சலகங்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு நிரல் வந்தது. 1999-இல் ஏற்புச் சோதனையின்போதே கணக்குக் குறைகள் பதிவாயின. இருந்தும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு கணக்கில் பணம் குறைந்தபோது பழி அஞ்சலகம் நடத்தியவர்கள் மேல் விழுந்தது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா 2010-இல் கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்றார். 2021-இல்தான் அவர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. அந்தப் பதினோரு ஆண்டுகளை யாரால் திருப்பித் தர முடியும்?

இவ்வளவு முக்கியமான சோதனை ஏன் தவறிப் போகிறது? இது கடைசியில் வருவது. அதற்குள் நாளும் பணமும் தீர்ந்துவிடும். "சீக்கிரம் கையொப்பம் போடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அடுத்து, களத்தில் வேலை செய்பவரை விட்டுவிட்டு, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை அழைத்துச் சோதிப்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குப் பொருந்தும், நிரலுக்குப் பொருந்தாது. கண் மங்கிய தாத்தா, தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி, அலைபேசித் தொடர்பு விட்டுவிட்டு வரும் தோட்டம் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் கூச்சம். 'எனக்குத்தான் தெரியலயோ, சொன்னா சிரிப்பாங்களோ' என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். அப்படி இருக்காதீர்கள். எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் எங்களைப் போன்றவர்களுக்குப் பொன் போன்றது.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை நிரல் எழுதுவீர்கள். எழுதியதை முதலில் உங்கள் பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் திணறினால் பாட்டியைத் திருத்தாதீர்கள், நிரலைத் திருத்துங்கள். உங்களில் பலர் பிறர் எழுதியதைப் பயன்படுத்துவீர்கள். கையொப்பம் கேட்டால், முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கு என் வாழ்த்து.