கரண்ட் பில்லும் எண்ணூர்ப் புகையும்
(இராயபுரத்தில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)





"கார்பனைக் குறையுங்கள்" என்றால் நம் பகுதியில் முதலில் வரும் பதில், "புகை விடுவது கம்பெனிகள், சிக்கனம் மட்டும் நாங்களா?" என்பதுதான். இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது. கரண்ட் ஊருக்கெல்லாம் போகிறது. சாம்பல் நம் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கியது.

இல்லாதவர் தலையில் சுமையை ஏற்றினால் எந்த ஊர் மக்களும் ஏற்க மாட்டார்கள். பிரான்ஸில் 2018இல் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து, காரை விட்டால் வேறு வழியில்லாத சிற்றூர் மக்கள் மஞ்சள் மேல்சட்டையோடு சாலைக்கு வந்தார்கள். அரசு அடுத்த உயர்வைக் கைவிட்டது.

நம் ஊரைப் பாருங்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கார்பனைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ காசு மிச்சமானது. பெண்கள் பஸ்ஸில் ஏறினார்கள். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பிளாஸ்டிக் பை, 'மீண்டும் மஞ்சப்பை' வந்த பிறகும் மீன் கடையில் கிடைக்கிறது. துணிப்பை அத்தனை மலிவில்லை; அபராதமோ சின்னக் கடைக்காரருக்குத்தான் வலிக்கிறது.

அதற்காக நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. நம் வீட்டில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாட்டின் சராசரிக் கணக்கில் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தப் புகையில் நம் பங்கும் உண்டு. வீண் விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிறது.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டண முறைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும்.

ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடம் நான் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஏசி உள்ளவர்கள், கல்யாணத்துக்குத் தெரு முழுக்க சீரியல் லைட் போடுபவர்கள் முதலில் குறைக்கட்டும். சொந்த மாடி உள்ளவர்கள் சோலாரை யோசிக்கட்டும். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

சிக்கனம் செய்வதால் கம்பெனியைக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது. கேள்வி கேட்பதால் நம் வீட்டுப் பொறுப்பும் தீர்ந்துவிடாது. இரண்டையும் சேர்த்தே செய்வோம். அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கொரு கரண்ட் பில்லோடு வாருங்கள். எங்கே குறைக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.