திரும்புமா, திரும்பாதா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் நம்மவர்கள் சிலர் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லித் தருகிறோம். அங்கே நான் அசடு வழிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பாடம், பொருள்களில் ஏற்படும் மாற்றங்கள். நம் காலத்தில் பௌதிக மாற்றம், ரசாயன மாற்றம் என்று படித்தோம். இப்போது இயற்பியல், வேதியியல் என்கிறார்கள். கரும்பலகையில் பெரிசாக எழுதினேன்: 'பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்.' நாம் உருப்போட்டதே அதுதானே! ஐஸ் உருகினால் மறுபடி உறையும்; காகிதம் எரிந்தால் போச்சு.

ஒரு சிறுமி எழுந்தாள். அப்பா கிரானைட் பட்டறையில் கல் அறுப்பவர். "சார், கல்லை அறுத்தா தூளாப் போகுது. அதைத் திரும்பக் கல்லாக்க முடியாதே. அப்ப அது வேதியியல் மாற்றமா?"

சமாளிக்க வேண்டுமே என்று, "ஆமாம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். பரீட்சையில் அவள் அப்படியே எழுதி மார்க்கைப் பறிகொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சாக்பீஸைத் தொட்டேன். திரும்புமா என்பது கேள்வியே இல்லை. புதுப் பொருள் உண்டானதா என்பதுதான் கேள்வி. கல்லில் இருந்த அதே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்காதான் தூளிலும் இருக்கிறது. ஆகவே அது இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டாலும்!

மறுபக்கமும் உண்டு. லாரி பேட்டரி இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஈய சல்ஃபேட்டாகின்றன. சார்ஜ் போட்டால் பழையபடி ஆகின்றன. திரும்புகிறது, ஆனாலும் வேதியியல் மாற்றம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்தக் காலத்து ஆட்கள் செய்ததும் இதுதான். இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. உலையில் கரி அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு மிஞ்சியது. அதை ஈரத்தில் போட்டால் துருப்பிடித்து மறுபடி ஆக்சைடுதான். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாடத்தை ஒரே வரியில் சுருக்கப் பார்த்தேன் நான்!

அந்தப் பெண் விடவில்லை. "அப்ப புதுசா எதுவும் ஆகலைன்னா, அப்பா ஏன் சார் இருமுறாரு?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அதே குவார்ட்ஸ்தான் அம்மா, ஆனால் நுரையீரலின் அடிவரை போகிற அளவுக்குப் பொடியாகிவிட்டது என்றேன். அங்கே தங்கித் தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்று பேர். வந்த தழும்பு போகாது. மேலும் தூள் போகாமல் தடுக்கத்தான் முடியும். அறுக்கும்போது தண்ணீர் ஓடினால் தூள் பெருமளவு அடங்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதற்குப் போதாது; அதற்கென்று உள்ள மாஸ்க் வேண்டும். அப்பாவை உடனே நெஞ்சு டாக்டரிடம் காட்டச் சொல் என்றும் சொல்லியனுப்பினேன்.

இந்த அரங்கில் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிற நண்பர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை போனதும் ரம்பத்துக்குத் தண்ணீர் வருகிறதா, ஆட்களுக்கு மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்பேன்.