தாயைப் பார்த்து நாய்க்குட்டி வாங்குதல்

நாய்க்குட்டி வாங்குவதைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். பணம் கொடுத்தால் குட்டி கிடைக்கிறது. அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? நாங்களும் அவ்வாறுதான் எண்ணியிருந்தோம்.

நாங்கள் புனே நகரில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மகள் நெடுநாளாக ஒரு லாப்ரடார் குட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விசாரித்ததில் விற்பவர் ஒருவர் அகப்பட்டார். அவர் தமிழர், பேச்சில் திருநெல்வேலிச் சாயல். அயல் மாநிலத்தில் வாழ்வோருக்கு அந்தச் சாயல் எத்தகைய மயக்கத்தைத் தரும் என்பதை இதைக் கேட்கும் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. குட்டி பிறந்த இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டோம். "நீங்க எதுக்கு சார் அவ்வளவு தூரம் அலையணும்? நானே கொண்டாந்து தர்றேன்" என்றார். அதை உபகாரமாகவே எடுத்துக்கொண்டோம்.

ரயில் நிலையத்துக்கு வெளியே, ஓர் அட்டைப் பெட்டியில் குட்டி கைமாறிற்று. இரண்டு மாதம் நிறைந்தது என்று சொல்லப்பட்டது. பற்களைப் பார்த்த கால்நடை மருத்துவர் 5 வாரம் இருந்தால் அதிகம் என்றார். மூன்றாம் நாள் அது பால் குடிக்கவில்லை. நான்காம் நாள் வாந்தி. பிறகு இரத்தங் கலந்த பேதி. பார்வோ என்னும் கொள்ளை நோய் அது. நரம்பில் ஊசி குத்தி இரண்டு நாள் மருந்து நீர் ஏற்றினார்கள். ஆறாம் நாள் அதிகாலையில் எங்கள் மகளின் மடியில் அது இறந்தது. நோய்க்கிருமி உடலில் புகுந்து சில நாட்கள் சென்ற பிறகே அறிகுறி தோன்றுமாதலால், எங்கள் கைக்கு வரும்போதே நோயும் உடன் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். விற்றவரின் தொலைபேசி எண் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

பெண்ணெடுக்கும்போது தாயைப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஜாதி நாய் வாங்குவோருக்கு அந்தப் பழக்கம் இன்னும் பொருந்தும். குட்டியைத் தாயோடு, அது பிறந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். தகப்பன் நாய் வேறோர் ஊரில் இருக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் ஈன்று சில வாரங்களே ஆன தாய் குட்டிகளை விட்டு எங்கே போயிருக்கும்? "ஊருக்கு அனுப்பிவிட்டோம்", "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் அங்கிருந்து திரும்பிவிடுவதே நலம். தாயின் மடிக்காம்புகள் பாலூட்டியதைக் காட்டும். அந்நியரைக் கண்டு அது நடுங்கி மூலையில் ஒடுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா என்பது குட்டியின் நாளைய குணத்துக்கு ஓர் அடையாளம். எலும்பு தெரிய இளைத்து, ஈற்றுக்குப் பின் ஈற்றாக ஓய்வின்றிப் பெற்ற தாயானால் அதுவும் கண்ணுக்குத் தப்பாது. ஒரே இடத்தில் ஆறேழு ஜாதிக் குட்டிகள் கூண்டு கூண்டாக இருந்தால், அங்கே நடப்பது வளர்ப்பு அன்று, சரக்கு வியாபாரம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் உண்டு. 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு இயற்றிய நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, வளர்ப்பாளர் தம் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்க்கலாகாது. வாழ்நாளில் 5 ஈற்றுகளுக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது. இந்த எட்டு வாரக் கணக்கு வெறும் சம்பிரதாயம் அன்று. தாயோடும் உடன்பிறப்போடும் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. முதல் தடுப்பூசியும் 6 முதல் 8 வாரத்தில்தான் தொடங்குகிறது. பிறகு சில வார இடைவெளிகளில் 16 வாரம் வரை அதைத் தொடர வேண்டும்.

இனி, காகிதங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றிதழைக் காட்டிப் பெருந்தொகை கேட்பவர்கள் உண்டு. தாய் தந்தை இன்னவை என்று அது சொல்லும். குட்டி ஆரோக்கியமானது என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர். குட்டியின் தோலுக்கடியில் செலுத்தப்பட்ட மைக்ரோசிப்பின் எண்ணும் சான்றிதழிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கருவியால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். லாப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது. பெற்றோரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஒழுங்கான வளர்ப்பாளர் படத்தை எடுத்துக் காட்டுவார், மற்றவர் சிரிப்பார். எங்களைப் பார்த்து இருவர் சிரித்தார்கள்.

பனிநாட்டு ஹஸ்கியை நாகபுரி வெயிலில் வாட்டும் ஆசையைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருள்.

மருத்துவர் வழியாக, நகருக்கு வெளியே வாழும் ஒரு மராட்டியப் பெண்மணியின் முகவரி கிடைத்தது. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் இந்தியும் அவருக்குச் சிரமமாகவே இருந்தது. குட்டி பார்க்கப் போன எங்களை அவர் ஒரு மணி நேரம் விசாரணை செய்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? எத்தனையாவது மாடி? குடியிருப்புச் சங்கத்தார் என்ன சொல்வார்கள்? முன்பு நாய் வளர்த்ததுண்டா? நடந்ததைச் சொன்னோம். உடனே அவர் எங்களை வாசலிலேயே நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கால் கழுவச் செய்தார். பார்வோக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்றும், சாதாரணப் பினாயிலுக்கு அது சாகாது, சலவைத்தூள் கரைத்த நீரால் வீடு முழுவதும் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஈற்றில் எங்களுக்குக் குட்டி தர மறுத்துவிட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியில்தான், முதலில் விற்றவர் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த ஈற்றுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தோம். அப்போது அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. "பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நீங்கள் மதராஸ் பக்கம் போவீர்களே, நாயை யாரிடம் விடுவீர்கள்?" வடக்கேயும் மேற்கேயும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எதற்கும் பொருந்தும் கேள்வி இது. இரண்டு நாள் ரயிலில் நாயைக் கொண்டுபோவது எளிதன்று. பூட்டிய வீட்டில் விட்டுப் போகவும் இயலாது. பிறகு எங்கள் கீழ்மாடியில் வசிக்கும் ஆஜியைக் கேட்டோம், அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஆஜியோடு தொலைபேசியில் தாமே பேசிய பின்னரே வளர்ப்பாளர் சம்மதித்தார். எக்காரணத்தாலாவது எங்களால் வைத்துக்கொள்ள இயலாமற்போனால் நாயைத் தம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாம் வாரத்தில் குட்டி வந்தது. அதனோடு தாய் படுத்திருந்த பழம்புடவையில் ஒரு துண்டையும் கிழித்துக் கொடுத்தனுப்பினார். தாயின் மணம் இருந்தால் முதல் நாள் இரவு அழாது என்றார். அழத்தான் செய்தது. ஆனாலும் விடிவதற்குள் அந்தத் துணியின்மேல் சுருண்டு உறங்கிவிட்டது.